மொடம் உரைக்கும் வேகம் மெய்யானதா?

கருவியொன்று எண்ணைக் காட்டியவுடன் அதனை நம்பிவிடுதல் மனித இயல்பு. அவ்வெண் எதனை அளந்து பெறப்பட்டது என வினவுதலே கற்றோர் கடன். தொலைபேசிக் கம்பி வழியாகக் கணினியை இணையத்தோடு சேர்த்த மொடம் இதற்கு நல்லதோர் எடுத்துக்காட்டு.

1990களின் பிற்பகுதியில், விண்டோஸ் 95, விண்டோஸ் 98 ஆகியவற்றைக் கையாண்டோர் பலர், இணைப்புக் கிடைத்ததும் திரையில் 115,200 என்னும் எண்ணைக் கண்டு மகிழ்ந்தனர். செக்கனுக்கு அத்தனை பிற்றுகள் வருவதாக எண்ணினர். ஆனால், 1998இல் வகுக்கப்பெற்ற வி.90 நியமத்தின் உச்ச எல்லையே 56,000 தான். எல்லைக்கு இருமடங்கு வேகம் எங்ஙனம் கிட்டும்?

ஈண்டுப் பாதைகள் இரண்டு உள என்பதை நாம் உணர்தல் வேண்டும். கணினிக்கும் மொடத்துக்கும் இடைப்பட்டது ஒன்று. மொடத்திலிருந்து தொலைபேசிக் கம்பி வழியே மறுமுனைக்குச் செல்வது மற்றொன்று. கம்பியில் சுருக்கி அனுப்பப்படும் தரவை மொடம் விரித்துக் கணினிக்குத் தருதலால், முதற்பாதை விரைவுடையதாக அமைக்கப்பட்டது. திரையில் தோன்றியது அப்பாதையின் வேகமே. துலாவிலிருந்து தொட்டியில் விழும் நீரைப் பார்த்துவிட்டு, வாய்க்காலின் கடைமடைக்கும் அவ்வளவே பாய்கிறது என்று கூறுதல் பொருந்துமா?

இதற்குப் பரிகாரம் எளிது. 1981இல் வெளிவந்த ஹேய்ஸ் ஸ்மார்ட்மொடம் வழிவந்த கட்டளைகள் ‘ஏ.ரி.’ என்னும் எழுத்துக்களோடு தொடங்குவன. அவ்வழிப்பட்ட மொடங்கள் பலவற்றில் ‘டபிள்யூ 0’ முதற்பாதையின் வேகத்தையும், ‘டபிள்யூ 2’ கம்பியின் வேகத்தையும் உரைக்கச் செய்யும். விண்டோஸில் மொடத்துக்கான மேலதிக அமைப்புப் பெட்டியில் ‘டபிள்யூ 2’ என எழுதிவிட்டால், 46,667 என்றோ 28,800 என்றோ உண்மை வெளிப்படும். எல்லா மொடங்களும் ஒரே கட்டளைக்குப் பணிவனவல்ல. ஆதலின் கைந்நூலை நோக்குதல் நன்று.

இதனால் வேகம் அணுவளவும் கூடாது. பின் பயன் யாது? பத்து இலட்சம் பைற்றுக் கொண்ட கோப்பு, சுருக்கமின்றி, 28,800 வேகத்தில் வர ஏறத்தாழ 278 செக்கன்கள் வேண்டும். 48,000 வேகத்திலோ 167 போதும். நிமிடத்துக்குக் கட்டணம் செலுத்துவோர்க்கு இவ்வேறுபாடு பணமன்றோ! மெய்யெண் தெரிந்தாற்றான், பழுதுற்ற வீட்டுக் கம்பியை மாற்றியபின் பயன் விளைந்ததா என அறியலாகும்.

அமெரிக்காவில் ஏ.ஓ.எல். நிறுவனம் தனது தொலைபேசிவழி இணையச் சேவையை 2025 செப்ரெம்பர் 30இல் நிறுத்தியது. எனினும் பாடம் பழையதாகிவிடவில்லை. இன்று கம்பியில்லா வைஃபை இணைப்பில் கணினி காட்டும் வேகமும், வீட்டிலுள்ள ரௌற்றர்ப் பெட்டி வரையிலான வேகமே. வெளியுலகிலிருந்து வருவதன் வேகம் அன்று. எண்ணைக் காணும் மாணவர், எவ்விடத்திலிருந்து எவ்விடம் வரை என்னும் வினாவையும் உடன் எழுப்புவாராக.