நூறாண்டுக்கு ஒருமுறை பெய்யும் மழை

பனி பொழியும் நாடுகளில் ஒவ்வொரு குளிர்காலத்தையும் பழைய குளிர்காலங்களோடு ஒப்பிட்டுப் பார்ப்பது வழக்கம். அமெரிக்காவின் போஸ்டன் நகரில் 2014–15 குளிர்காலத்தில் 281 சென்டிமீட்டர் பனி பொழிந்தது. அதற்கு முன்பு அந்நகரின் உச்ச அளவு, 1995–96இல் பதிவான 273 சென்டிமீட்டர். இவ்விரண்டு அளவுகளும் லோகன் விமான நிலையத்தில் எடுக்கப்பட்டவை. இரண்டும் ஒரு முழுப் பருவத்தின் கூட்டுத்தொகை. ஆகவே, புதியது பழையதை விஞ்சியது என்று ஐயமின்றிக் கூறலாம்.

நம் கிள்ளான் பள்ளத்தாக்கில் பனி இல்லை, மழை உண்டு. அம்மழையைப் பற்றி நாமும் ஒப்பிட்டுப் பேசுகிறோம். 2021 டிசம்பர் 18ஆம் நாள் கோலாலம்பூரிலும் சிலாங்கூரிலும் பெருவெள்ளம் சூழ்ந்தபோது, "நூறாண்டுக்கு ஒருமுறை பெய்யும் மழை" என்னும் தொடர் அரசு அறிக்கையிலும் செய்தித்தாள்களிலும் மக்கள் பேச்சிலும் இடம்பெற்றது. இத்தொடரின் பொருள் யாது? அதனைச் சரியாகப் புரிந்துகொள்ளாவிட்டால் விளையும் கேடு யாது? இவ்விரண்டையும் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில் மழையின் அளவைக் காண்போம். அன்று செந்தூல் மழைமானியில் 363 மில்லிமீட்டர் பதிவாயிற்று. ஒரு மில்லிமீட்டர் மழை என்பது ஒரு சதுர மீட்டர் நிலத்தில் ஒரு லிட்டர் நீர். கோலாலம்பூரின் ஆண்டுச் சராசரி மழை ஏறத்தாழ 2,400 மில்லிமீட்டர். பன்னிரண்டால் வகுத்தால் மாதத்திற்கு 200. ஆகவே, ஒரு மாதத்திற்குரிய மழையைக் காட்டிலும் மிகுதியான மழை ஒரே நாளில் பெய்தது.

இதன் காரணமும் வழக்கத்திற்கு மாறானது. வடகிழக்குப் பருவமழை பெரும்பாலும் கிளந்தான், திரெங்கானு, பகாங் ஆகிய கிழக்குக்கரை மாநிலங்களையே நனைக்கும். தித்திவங்சா மலைத்தொடர் மேற்குக்கரைக்கு அரணாக நிற்கும். அவ்வாண்டு தென்சீனக் கடலில் உருவான வெப்பமண்டலக் காற்றழுத்தத் தாழ்வு மண்டலம் தீபகற்பத்தைக் கடந்து வந்தமையால், அந்த அரண் நம்மைக் காக்கவில்லை. கிள்ளான் ஆற்றங்கரையின் தாழ்நிலமாகிய ஷா ஆலம் தாமான் ஸ்ரீ மூடாவில் வீடுகள் நீரில் மூழ்கின. மக்கள் கூரைகளில் ஏறி நின்று உதவிக்காகக் காத்திருந்தனர். அப்பருவத்து வெள்ளத்தால் நாடு முழுவதும் ஐம்பதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். இழப்பு 610 கோடி ரிங்கிட் எனப் புள்ளிவிவரத் துறை கணக்கிட்டது.

இதனைப் பழைய வெள்ளங்களோடு ஒப்பிடலாமா? 1971 ஜனவரி வெள்ளத்தில் தலைநகரின் நடுப்பகுதி மூழ்கியது. 32 பேர் மாண்டனர். ஏறத்தாழ 1,80,000 பேர் பாதிக்கப்பட்டனர். பிரதமர் துன் அப்துல் ரசாக் தேசியப் பேரிடர் நிலையை அறிவித்தார். அதற்கும் முன்பு, 1926 டிசம்பரிலும் நகரில் பெருவெள்ளம் வந்தது. "எது பெரியது?" என்று வினவுமுன் நாம் வேறு மூன்று வினாக்களை எழுப்ப வேண்டும்.

முதல் வினா: எங்கே அளந்தது? 2015 டிசம்பர் 1 அன்று சென்னையில் பெய்த பெருமழை இதற்கு நல்ல சான்று. நுங்கம்பாக்கம் நிலையத்தில் 29 சென்டிமீட்டர். அதே நாளில் புறநகராகிய தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர். ஒரே மழை, இரு மானிகள், இருவேறு அளவுகள். நகரெங்கும் மழைமானிகள் நிறைந்த இக்காலத்துப் பதிவை, ஒன்றிரண்டு மானிகளே இருந்த காலத்துப் பதிவோடு ஒப்பிடுவோர் இதனை மறத்தலாகாது.

இரண்டாவது வினா: எவ்வளவு நேரத்திற்குரியது? தமிழில் இவ்வேறுபாட்டிற்குச் சொற்கள் உண்டு. விடாது நாட்கணக்கில் பெய்வது அடைமழை. குறைந்த நேரத்தில் மிகுதியாகக் கொட்டுவது கனமழை. அதே சென்னையில் நுங்கம்பாக்கத்தின் டிசம்பர் மாத ஒருநாள் மழை, 1901இல் பதிவான 26 சென்டிமீட்டரை முறியடித்தது. ஆனால் அதற்கு முந்திய நவம்பர் மாதத்தின் மொத்த மழையாகிய 1,049 மில்லிமீட்டர், 1918 நவம்பரில் பெய்த 1,088 மில்லிமீட்டரை எட்டவில்லை. நாட்கணக்கில் சாதனை, மாதக்கணக்கில் சாதனையன்று.

மூன்றாவது வினா: அளப்பது மழையையா, வெள்ளத்தையா? மழை வானத்தின் செயல். வெள்ளத்தில் மனிதனுக்கும் பங்குண்டு. 1926இல் பள்ளத்தாக்கில் ஈயச் சுரங்கங்களும் ரப்பர்த் தோட்டங்களும் இருந்தன. இன்று அந்நிலத்தின் பெரும்பகுதி தாரும் சிமெண்டுமாக மாறிவிட்டது; நீர் மண்ணில் இறங்காமல் நேரே ஆற்றுக்கு ஓடுகிறது. மறுபுறம், 1971க்குப் பின் பத்து அணை கட்டப்பட்டது, ஆறுகள் அகலப்படுத்தப்பட்டன, 2007இல் 9.7 கிலோமீட்டர் நீளமுள்ள ஸ்மார்ட் சுரங்கம் திறக்கப்பட்டது. எனவே, அன்றைய மழையே இன்று மீண்டும் பெய்தாலும் அன்றைய வெள்ளம் வாராது. வேறிடத்தில் வேறு வெள்ளம் வரக்கூடும்.

இனி, "நூறாண்டுக்கு ஒருமுறை" என்னும் தொடருக்கு வருவோம். ஒருமுறை பெய்துவிட்டால் அடுத்த தொண்ணூற்றொன்பது ஆண்டுகளுக்கு அச்சமில்லை என்றே பலரும் பொருள் கொள்கின்றனர். இது பிழை. எந்த ஓர் ஆண்டிலும் அத்தகைய மழை பெய்வதற்கான வாய்ப்பு நூற்றில் ஒன்று என்பதே அதன் பொருள். சென்ற ஆண்டு பெய்தது என்பதற்காக இவ்வாண்டின் வாய்ப்புக் குறைவதில்லை. பகடையில் ஒருமுறை ஆறு விழுந்தால் மறுமுறை விழாது என்பதில்லை அல்லவா?

மாணவர்கள் இதனைத் தாமே கணக்கிட்டுப் பார்க்கலாம். ஓராண்டில் அம்மழை பெய்யாதிருக்கும் வாய்ப்பு 0.99. முப்பது ஆண்டுகளும் பெய்யாதிருக்க, 0.99ஐ முப்பது முறை பெருக்க வேண்டும். விடை ஏறத்தாழ 0.74. அப்படியாயின் முப்பது ஆண்டுகளில் ஒருமுறையேனும் பெய்யும் வாய்ப்பு நூற்றுக்கு 26. முப்பது ஆண்டு வீட்டுக் கடனில் தாழ்நிலத்தில் வீடு வாங்கும் ஒரு குடும்பத்திற்கு இது ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு இடர்.

மேலும், இக்கணக்கு பழைய பதிவுகளை அடிப்படையாகக் கொண்டது. காற்றின் வெப்பம் ஒரு பாகை உயர்ந்தால் அது ஏறத்தாழ 7 விழுக்காடு மிகுதியான நீராவியைத் தாங்கும். புவி வெப்பமடையும்போது, நேற்றைய நூறாண்டு மழை நாளை ஐம்பதாண்டு மழையாக மாறவும் கூடும்.

ஆதலால், நம் வகுப்பறைகளிலும் செய்திகளிலும் "ஆண்டுதோறும் நூற்றில் ஒரு பங்கு வாய்ப்புள்ள மழை" என்று எழுதுவது நன்று. சற்று நீண்ட தொடர்தான். ஆயினும் பொய்யான ஆறுதலைத் தராத தொடர். வெள்ளம் வடிந்த வீட்டைத் துடைத்துவிட்டு, இனி நம் காலத்தில் வாராது என்று முக்கியமான ஆவணங்களை மீண்டும் கீழ்த்தட்டிலேயே வைக்கும் குடும்பத்திற்குச் சரியான சொல் ஓர் எச்சரிக்கையாகும்.

நம் பள்ளிகளும் இதில் பங்கேற்கலாம். பக்கங்கள் நேராக உள்ள ஒரு கலம், ஓர் அளவுகோல், ஒரு குறிப்பேடு ஆகிய மூன்றும் போதும். கலத்தை மரநிழலும் கூரையும் மறைக்காத ஓரிடத்தில் வைத்து, நாள்தோறும் ஒரே நேரத்தில் நீரின் உயரத்தை மில்லிமீட்டரில் குறித்துக் கலத்தைக் கவிழ்த்துவிட வேண்டும். இடத்தை மாற்றலாகாது, விடுமுறையிலும் இடைவெளி விடலாகாது. பிரிக்பீல்ட்ஸில் ஒரு பள்ளியும் கிள்ளானில் ஒரு பள்ளியும் இவ்வாறு பத்தாண்டுகள் குறித்து வைத்தால், ஒரே நாளில் ஒரே பள்ளத்தாக்கில் மழை எவ்வளவு வேறுபடுகிறது என்பதை மாணவர்கள் தம் எண்களாலேயே அறிவர். அடுத்த பெருமழையின்போது, "எதனோடு ஒப்பிடுகிறீர்கள்?" என்று கேட்கும் தகுதியும் அவர்களுக்கு வாய்க்கும்.