லாமலேராவில் ஏழு நாட்கள்

திமிங்கிலத்தை ஈட்டியால் குத்திப் பிடிக்கும் ஊர் ஒன்று இன்னும் உலகில் இருக்கிறது என்று எங்கள் விலங்கியல் பேராசிரியர் வகுப்பில் சொன்னபோது நாங்கள் நம்பவில்லை. சென்ற கோடை விடுமுறையில் அவ்வூருக்கே போய்வரும் வாய்ப்பு எனக்குக் கிட்டியது. இந்தோனேசியாவில் பணிபுரியும் என் மாமா அழைத்துச் சென்றார்.

ஊரின் பெயர் லாமலேரா. பாலித் தீவுக்கு வெகு கிழக்கே, லெம்பாத்தா தீவின் தென்கரையில் உள்ளது. கூப்பாங் நகர் வரை விமானம். பின்பு லெவோலேபாவுக்குக் கப்பல். அதன்பின் மலைப்பாதையில் லாரி. இறங்கியபோது முதுகெலும்பில் எத்தனை கணுக்கள் என்பதைப் புத்தகம் பாராமலே சொல்லிவிடலாம் போலிருந்தது!

பாறைச் சரிவில் தொற்றிக்கொண்டிருக்கும் ஊர் அது. மண்ணில் ஒன்றும் விளையாது. ஆகவே கடலை நம்பினார்கள். மே முதல் அக்டோபர் வரை வேட்டைக் காலம். கத்தோலிக்கர்களான அம்மக்கள் கடற்கரையில் பூசை செய்து அதனைத் தொடங்குகிறார்கள். அவர்கள் நாடுவது ஸ்பெர்ம் திமிங்கிலம். அம்பர் என்னும் விலையுயர்ந்த பொருள் கிடைப்பது இவ்வினத்திடம்தான். வளர்ந்த ஆண் 15 மீட்டருக்கு மேல் நீளமும் 40 டன் எடையும் இருக்கும். நீலத் திமிங்கிலத்தை அவர்கள் தொடுவதில்லை. தம் முன்னோருக்கு உதவியது என்பது நம்பிக்கை.

ஆணியில்லாமல் மரமுளைகளால் இணைத்த படகுக்குத் ‘தேனா’ என்று பெயர். அதன் முன்முனையில் மூங்கில் மேடை. அதில் நிற்பவர் ‘லாமஃபா’. ஈட்டியை அவர் எறிவதில்லை. ஈட்டியோடு தாமே பாய்ந்து, தம் உடல் எடை முழுவதையும் அதன்மேல் செலுத்துகிறார்! பிறகு கயிற்றின் மறுமுனையில் படகு. 1994-இல் சில படகுகளைத் திமிங்கிலம் வெகுதூரம் இழுத்துச் சென்றதும் நடந்திருக்கிறது. இப்போது இயந்திரப் படகுகள் தேனாவை வேட்டையிடம் வரை இழுத்துச் செல்கின்றன. பாய்வது மட்டும் மாறவில்லை.

நான் வியந்தது பங்கீட்டைக் கண்டுதான். எந்தத் துண்டு யாருக்கு என்பது முன்பே வரையறுக்கப்பட்டது. பாய்ந்தவருக்கு, துடுப்புப் போட்டவர்களுக்கு, படகு செய்த தச்சருக்கு, ஈட்டிமுனை அடித்த கொல்லருக்கு, கடலுக்கே போகாத மண்ணின் பழங்குடிக் குலத்தாருக்கு என்று பங்கு உண்டு. உறவின் வழியே விதவைகள் வீட்டுக்கும் கறி போய்ச் சேரும். 1973-இல் ஐ.நா. உணவு வேளாண்மை நிறுவனம் நார்வே நாட்டு வேட்டைக்காரர் ஒருவரை அனுப்பி நவீன முறையைக் கற்பிக்க முயன்றது. சில ஆண்டுகளில் அத்திட்டம் நின்றுபோயிற்று. ஒரே கப்பல் பிடித்தால் இத்தனை பேருடைய பங்கை எப்படிக் கணக்கிடுவது?

பன்னாட்டுத் திமிங்கிலக் குழு 1982-இல் வணிக வேட்டையை நிறுத்த முடிவு செய்தது. 1986 முதல் அது நடைமுறைக்கு வந்தது. இந்தோனேசியா அதில் உறுப்பினர் அன்று. ஆயினும் அழியும் அபாயத்திலுள்ள உயிர் என்று பாடத்தில் படித்தவனுக்கு உறுத்தல் இல்லாமலா இருக்கும்?

நாங்கள் தங்கிய வீட்டு அம்மாளை எல்லோரும் ‘மாமா’ என்றே அழைத்தனர். அப்பகுதியில் தாய்க்கு அதுதான் சொல். நான் என் மாமாவைக் கூப்பிடும்போதெல்லாம் அவர் திரும்பிப் பார்த்தார்!

நான்கு நாட்கள் கடல் வெறுமையாகக் கிடந்தது. ஐந்தாம் நாள் காலை, “பலேயோ! பலேயோ!” என்ற கூக்குரல் ஊர் முழுதும் எதிரொலித்தது. தேனாக்கள் மணலில் சறுக்கி நீரில் இறங்கின. நான் பாறைமேல் ஏறி மாலை வரை நின்றேன். திமிங்கிலம் ஆழ்ந்து மூழ்கி வேறெங்கோ எழுந்ததாம். படகுகள் வெறுமையாகத் திரும்பின.

எனக்குப் பெருத்த ஏமாற்றம். இத்தனை தூரம் வந்தும் பார்க்கவில்லையே என்று மாமாவிடம் புலம்பினேன். அப்போது அந்த அம்மாள் முற்றத்தில் கறி உலர்த்தும் மூங்கில் கொடியைப் பார்த்தபடி நின்றிருந்தார். அது காலியாக இருந்தது. நான் வாயை மூடிக்கொண்டேன்.

சனிக்கிழமை வுலந்தோனிச் சந்தைக்கு அவருடன் சென்றோம். அங்கே பணம் இல்லாமலே பண்டமாற்று நடக்கிறது. மலையூர்ப் பெண்கள் மக்காச்சோளமும் வாழைப்பழமும் பரப்பியிருந்தனர். அம்மாள் முன்பு மீதம் வைத்திருந்த உலர்ந்த கறித் துண்டுகளை எடுத்தார். மொத்தமே ஐந்து. ஒவ்வொன்றுக்கும் வெகுநேரம் பேரம் பேசினார். கூடையில் பாதியளவு சோளத்துடன் வீடு திரும்பினார்.

மறுநாள் விடியுமுன் எங்கள் லாரி புறப்பட்டது. படகுகள் அதற்கு முன்பே கடலில் இருந்தன.