தொடரைத் தொடரும் நாவல்கள்

தொலைக்காட்சித் தொடர் நின்றபின் அதன் மாந்தர்களை வைத்துப் பிறர் நாவல் எழுதும் வழக்கம் மேனாடுகளில் உண்டு. இவற்றைத் திறனாய்வோர், “அசலைப் போல் இருக்கிறதா?” என்றே பெரிதும் கேட்கின்றனர். அது போதாது என்பது என் கருத்து.

அண்ணனூரிலிருந்து மின்தொடர் வண்டியில் கல்லூரிக்கு வரும்போது நான் படித்த ‘ஸ்பாக் மஸ்ட் டை’ இதற்குச் சான்று. 1966 முதல் 1969 வரை 79 பகுதிகளாக ஒளிபரப்பான ‘ஸ்டார் ட்ரெக்’ தொடரை ஒட்டி, ஜேம்ஸ் பிளிஷ் 1970இல் எழுதியது. ஆளைப் பிரித்து வேறிடத்தில் சேர்க்கும் கருவியால் விண்கல அதிகாரி ஸ்பாக் இருவராகிவிடுகிறார். எவர் அசல்? தலைப்பு எவ்வளவு அச்சுறுத்தினாலும், அசல் ஸ்பாக் சாகமாட்டார் என்பது வாசகருக்குத் தெரிந்ததே! முடிவில் பகைவரான கிளிங்கான்களுக்கு ஆயிரம் ஆண்டுகள் விண்பயணம் மறுக்கப்படுகிறது. பின்வந்த படங்களும் தொடர்களும் அதைப் பொருட்படுத்தவேயில்லை; கிளிங்கான்கள் தாராளமாகப் பறந்தனர்.

நம் சுஜாதாவோ ‘என் இனிய இயந்திரா’வை ‘மீண்டும் ஜீனோ’வில் தாமே தொடர்ந்தார். தம் உலகை மாற்ற அவர் எவரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. இரவல் உலகில் எழுதுபவருக்கு அவ்வுரிமை இல்லை. ஆகவே, மாற்றவியலாத மாந்தரிடம் அவர் புதிதாக எதைக் கண்டார் என்பதையே நான் தேடுகிறேன். பிளிஷின் நூலில், அக்கருவி வழியே சென்று சேர்பவன் பழைய ஆள்தானா என்று மருத்துவர் மெக்காய் ஐயுறும் இடம் அத்தகையது. ஸ்பாக்கின் உயிரைவிட அந்த ஐயமே என்னை அதிகம் அலைக்கழித்தது.