பசியை அடக்கும் ஊசி

உடல் மெலிய ஊசி போட்டுக்கொள்ளலாமா என்னும் வினா, தில்லி கரோல்பாக்கிலும் மும்பை மாதுங்காவிலும் வாழும் நம்மவர் இல்லங்களில் இப்போது அடிக்கடி எழுகின்றது. 2025 மார்ச்சில் டிர்செபடைடு என்னும் மருந்து மௌஞ்சாரோ என்ற பெயரிலும், அவ்வாண்டு ஜூனில் செமாக்ளுடைடு என்னும் மருந்து வெகோவி என்ற பெயரிலும் நம் நாட்டுக் கடைகளுக்கு வந்தன. அதுமுதல் கல்யாணப் பந்தியிலும் அலுவலகத்துக் காப்பி வேளையிலும் இதே பேச்சு.

நண்பர் ஒருவரின் அனுபவத்தை முதலில் கூறிவிடுகின்றோம். ஐம்பதை நெருங்கும் வயதினர். கைகால் மெலிந்து தொந்தி மட்டும் பெருத்த, நம்மவர் பலருக்கும் உரிய உடல்வாகு. அவருடைய அலுவலகத் தோழர் ஒருவர், தமக்கு ஒத்துக்கொள்ளவில்லையென்று நிறுத்திவிட்ட மருந்துப் பேனாவை இவரிடம் கொடுத்தார். வாரத்திற்கு 1 மில்லிகிராம் செலுத்தும் பேனா அது. நண்பர் மருத்துவரைக் கேளாமல் அதைப் போட்டுக்கொண்டு, மறுநாள் மனைவியுடன் சென்னைக்கு ரயிலேறினார். போபால் தாண்டுமுன் வாந்தி தொடங்கிற்று. குடித்த நீரும் தங்கவில்லை. நாகபுரியில் இறங்கி, இரண்டு நாள் மருத்துவமனையில் நரம்புவழி நீரேற்றிக்கொள்ள நேர்ந்தது. என்ன மருந்து உட்கொண்டீர் என்று மருத்துவர் இருமுறை கேட்டும் அவர் நாணத்தால் வாய் திறக்கவில்லை. மூன்றாம் முறை கேட்டபோதுதான் உண்மை வெளிவந்தது.

நண்பருக்கு நேர்ந்தது மருந்தின் குற்றமா, அளவின் குற்றமா என்பதை அறிய, அம்மருந்து செய்யும் வேலையைச் சிறிது தெரிந்துகொள்ள வேண்டும். நாம் உண்டவுடன் குடலிலிருந்து ஒருவகை ஹார்மோன் சுரந்து குருதியில் கலக்கின்றது. அது கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்கச் செய்கின்றது. இரைப்பையிலிருந்து உணவு வெளியேறும் வேகத்தைக் குறைக்கின்றது. வயிறு நிறைந்தது என்னும் செய்தியை மூளைக்கு எட்டவைக்கின்றது. ஆனால் இயற்கையான அச்சுரப்பு சில நிமிடங்களிலேயே சிதைந்துவிடும். சிதையாது நெடுநேரம் நிற்கும் ஒன்றைத் தேடியவர்களுக்கு வழிகாட்டியது, அமெரிக்கப் பாலைநிலத்தில் வாழும் கீலா மான்ஸ்டர் என்னும் நச்சுப் பல்லி! அதன் நஞ்சில், நம் ஹார்மோனை ஒத்த பொருளொன்றை நியூயார்க் மருத்துவர் ஜான் எங் 1992-இல் கண்டறிந்து வெளியிட்டார். அதிலிருந்து உருவான எக்ஸெனடைடு என்னும் நீரிழிவு மருந்து 2005-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. செமாக்ளுடைடு பல்லியிலிருந்து வந்ததன்று. மனிதச் சுரப்பையே சற்று மாற்றி, வாரம் ஒருமுறை போட்டால் போதும்படி அமைத்தது. டிர்செபடைடு அதனோடு மற்றொரு குடற்சுரப்பின் வேலையையும் சேர்த்துச் செய்வது.

பயன் உண்டா எனில், உண்டு; அதை மறைப்பதற்கில்லை. 2021-இல் வெளிவந்த ஆய்வொன்றில் 1,961 பேர் பங்குகொண்டனர். செமாக்ளுடைடு பெற்றவர்கள் 68 வாரங்களில் சராசரியாகத் தம் எடையில் 14.9 விழுக்காடு இழந்தனர். மருந்தில்லா ஊசி பெற்றவர்கள் இழந்தது 2.4 விழுக்காடே. இரு சாராருக்கும் உணவு, உடற்பயிற்சி பற்றிய அறிவுரை ஒன்றே. ஆயினும் ஊசியை நிறுத்தியபின் அவர்களுள் ஒரு பகுதியினரைத் தொடர்ந்து கவனித்தபோது, ஓராண்டுக்குள் இழந்த எடையில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பிவிட்டமை தெரிந்தது. இது மனவுறுதிக் குறைவன்று. மருந்து அடக்கி வைத்த பசி, மருந்து நீங்கியதும் மீள்கின்றது, அவ்வளவே. ஆகவே மகள் திருமணத்திற்குள் மெலிவோம் என்று மூன்று மாதத்துக்கு இதை நாடுவது பொருந்தாது. குருதி அழுத்தத்திற்கு மருந்துண்பார் போல நெடுங்காலம் தொடர இயலுமா என்பதே முதலில் கேட்டுக்கொள்ளவேண்டிய கேள்வி.

பக்க விளைவுகளுள் பெரும்பாலானவை வயிற்றைச் சார்ந்தவை. மேற்கூறிய ஆய்வில் மருந்து பெற்றோருள் நூற்றுக்கு 44 பேருக்குக் குமட்டல், 31 பேருக்குப் பேதி, ஏறத்தாழ 25 பேருக்கு வாந்தி, 23 பேருக்கு மலச்சிக்கல் உண்டாயின. பெரும்பாலும் இவை கடுமையற்றவை. தொடக்கத்திலும் அளவை உயர்த்தும்போதும் தோன்றிப் பின்னர் தணிவன. இதனாலேயே வெகோவியை 0.25 மில்லிகிராமில் தொடங்கி, நான்கு வாரத்துக்கு ஒருமுறை படிப்படியாக உயர்த்துகின்றனர். நம் நண்பரோ முதற்படியின் நான்கு மடங்கில் காலை வைத்தார்! போதாக்குறைக்கு, ரயிலில் பூரியும் கிழங்கும் உண்டார். எண்ணெய்ப் பண்டமும் வயிறு நிறைந்த ஊணும் இம்மருந்தோடு ஒத்துப்போவதில்லை. ஒருவர் பேனாவை மற்றொருவர் பயன்படுத்துவது இதனினும் பெரிய தவறு. ஊசிமுனையை மாற்றினாலும் குருதிவழித் தொற்று வரக்கூடும்.

அரிதாயினும் அஞ்சத்தக்கவை சில உள. மேல்வயிற்றில் கடும் வலி தோன்றி முதுகுவரை பரவி, வாந்தியும் சேருமாயின் அது கணைய அழற்சியாகலாம். அடுத்த ஊசியைப் போடாமல் உடனே மருத்துவமனைக்குச் செல்லவேண்டும். வலப்பக்க மேல்வயிற்று வலியும் காய்ச்சலும் பித்தப்பைக் கல்லின் அறிகுறியாகலாம். கண்பார்வை திடீரென மங்கினாலும் தாமதியாது மருத்துவரைக் காண்க. நீரிழிவால் விழித்திரை பழுதுற்றவர்கள் தொடங்குமுன்னரே கண் பரிசோதனை செய்துகொள்வது நலம். இன்சுலினோ, சில வகைச் சர்க்கரை மாத்திரைகளோ பெற்றுவருவோருக்கு, இவ்வூசியும் சேரும்போது குருதிச் சர்க்கரை மிகத் தாழக்கூடும். தைராய்டுச் சுரப்பியில் மெடுல்லரி எனப்படும் புற்றுநோய் தமக்கோ குடும்பத்தாருக்கோ வந்திருந்தால் இம்மருந்துகள் கூடா. கருவுற்றோருக்கும் இவை கூடா. கருவுற எண்ணுவோர் செமாக்ளுடைடை இரண்டு மாதத்துக்கு முன்பே நிறுத்தவேண்டும். டிர்செபடைடு கருத்தடை மாத்திரையின் பலனைக் குறைக்கக்கூடும் என்பதும் பெண்கள் அறியவேண்டுவது. அறுவைச் சிகிச்சைக்குச் செல்வோர் மயக்கமருந்து கொடுக்கும் மருத்துவரிடம் இவ்வூசியைப் பற்றி மறவாமல் கூறவேண்டும். இரைப்பையில் உணவு தங்கியிருக்கக்கூடும்.

இன்னொன்று. குறைகின்ற எடை முழுவதும் கொழுப்பன்று. தசையும் ஒரு பகுதி கரைகின்றது. பசியில்லையென்று ரசஞ்சாதத்தோடு எழுந்துவிடுவோருக்கு இவ்விழப்பு மிகும். உண்பது சிறிதாயினும் அதில் பருப்பும் தயிரும் சுண்டலும், உண்போர்க்கு முட்டையும் மீனும், முதலிடம் பெறவேண்டும். உடற்பயிற்சியும் உடன் வேண்டும்.

யாருக்கு இது உரியது என்பதற்கும் கணக்குண்டு. கிலோகிராமில் எடையை, மீட்டரில் உயரத்தின் வர்க்கத்தால் வகுக்க வருவது உடல் நிறைக் குறியீடு. அது 30-க்குக் குறையாதிருந்தாலோ, 27-க்குக் குறையாமல் நீரிழிவு, குருதி அழுத்தம் போன்ற நோயும் கூடியிருந்தாலோ மருத்துவர் இவ்வூசியைக் கருதலாம். 165 சென்டிமீட்டர் உயரமும் 74 கிலோ எடையும் உடையவருக்கு அது 27-ஐச் சற்றே தாண்டும். இந்தியருக்கு 25-லேயே பருமன் தொடங்குவதாகக் கொள்வது வேறு கணக்கு. அதைக் கண்டு ஊசிக்கு விரையவேண்டுவதில்லை. விலையும் எண்ணத்தக்கதே: 2025 மார்ச்சில் மௌஞ்சாரோவின் 2.5 மில்லிகிராம் குப்பி ஒன்று 3,500 ரூபாய். மாதத்திற்கு நான்கு குப்பிகள். செமாக்ளுடைடின் இந்தியக் காப்புரிமை 2026 மார்ச்சு வரையிலுமே. விலை இறங்குவது நல்லதுதான். ஆனால் மலிவானபின்னும் இது மருத்துவர் சீட்டின்றி வாங்கத்தக்க பண்டமன்று.

வெளிமாநிலத்தில் வாழும் நமக்கு மொழியாலும் ஓர் இடர் உண்டு. மொழிபெயர்ப்பே தொழிலாகக் கொண்ட நமக்கு இது உறைத்தது. நாகபுரியில் நண்பரின் மனைவி, கணவருக்கு ‘மயக்கம்’ என்பதை ‘பேஹோஷ்’ என்றார். நினைவிழந்தார் எனக் கொண்டு மருத்துவர் முதலில் இதயத்தைச் சோதித்தார். அவர் சொல்ல விரும்பியது தலைசுற்றல்; அதற்கு ‘சக்கர் ஆனா’ என்பது சொல். குமட்டலுக்கு ‘ஜீ மிச்லானா’, வாந்திக்கு ‘உல்ட்டீ’, பேதிக்கு ‘தஸ்த்’, மலச்சிக்கலுக்குக் ‘கப்ஜ்’ என்பன. இவற்றையும் மருந்தின் பெயர், அளவு, கடைசியாகப் போட்ட நாள் ஆகியவற்றையும் ஒரு துண்டுத்தாளில் எழுதி வீட்டார் கையில் கொடுத்துவைத்தல் வேண்டும்.

ஊருக்குப் பயணப்படும்போது மருந்தையும் பேணவேண்டும். திறவாத பேனாவுக்கு 2 முதல் 8 டிகிரி வரை குளிர்ச்சி தேவை. பனிக்கட்டியின்மேல் நேரே வைத்தால் உறைந்துவிடும், உறைந்ததைப் பயன்படுத்தலாகாது. வெளியில் எத்தனை நாள் தாங்கும் என்பது மருந்துக்கு மருந்து வேறுபடுவதால், பெட்டியிலுள்ள தாளைப் பார்த்துக்கொள்க.

நண்பர் ஊர் திரும்பியபின் முறையாக மருத்துவரைக் கண்டார். குடும்ப நோய்களை விசாரித்து, சோதனைகள் முடித்து, ‘ஐந்தாண்டுக்குத் தொடர முடியுமா?’ என்று அவர் கேட்டார். நண்பர் ஒரு மாதத் தவணை வாங்கி வந்திருக்கின்றார். இப்போது மாலைதோறும் மனைவியுடன் பூங்காவைச் சுற்றி வருகின்றார்; ஊசியைப் பற்றி இன்னும் முடிவு செய்யவில்லை.