வறட்சியும் கோல்ஃப் களமும்

மழை பொய்த்தால் உழவன் நடுங்குவான். விளையாடுவோனுக்கு அதனாலென்ன என்று வினவுவார் பலர். கோல்ஃப் என்னும் விளையாட்டோ சமதளத்தில் நிகழ்வதன்று. புல்லும் மணலும் நீரும் மேடுபள்ளமுமே அதன் களம். ஆதலின் வானம் வறண்டவிடத்துக் களமும் மாறும்; களம் மாறவே விதியும் ஒருவாறு நெகிழவேண்டுவதாகிறது. அஃது எங்ஙனமென ஈண்டுச் சிறிது ஆராய்வோம்.

முதலிற் புல்லைக் காண்போம். வெப்ப நாட்டுக் களங்களில் மிகுதியாக வளர்க்கப்படுவது பெர்முடாப் புல். அது வேறன்று, நம் வயல் வரப்பிற் படரும் அருகம்புல்லேயாம். நீரற்ற காலத்தில் இலை கருகினும், மண்ணுள் ஓடுந் தண்டு உறங்கிக் கிடந்து, மழை கண்டவுடன் தளிர்க்கும். எனவே பழுப்பேறிய களமெல்லாம் பாழ்பட்ட களமென்று கருதலாகாது. காய்ந்த நிலம் இறுகுதலால் பந்து விழுந்த பின்னரும் நெடுந்தூரம் உருண்டோடும். நிறுத்தவேண்டிய இடத்தில் நில்லாது. 2006-ஆம் ஆண்டு இங்கிலாந்தின் ஹாய்லேக் களம் இவ்வாறு காய்ந்திருந்தபோது, டைகர் உட்ஸ் நெடுந்தூரம் அடித்தற்குரிய டிரைவர் என்னும் கோலை நான்கு நாளிலும் ஒரே முறையன்றி எடுத்திலர். வெற்றியும் அவர்க்கே கிட்டிற்று. வலிமையினும் அடக்கமே வறண்ட நிலத்திற்கு ஏற்றதென்பது இதனாற் பெறப்படும்.

இனி விதிகளை நோக்குவோம். பந்து கிடந்தவாறே அடிக்க வேண்டுமென்பது இவ்விளையாட்டின் அடிப்படை. குட்டை வற்றிப்போயினும் விதியின்படி அது தண்டப்பகுதியே. நீரில்லையென்னுங் காரணத்தால் அத்தன்மை நீங்காது. ஆயினும் பந்தை அங்கிருந்தே அடிக்கலாம். 2019-இல் விதிகள் திருத்தப்பட்ட பின்னர், அடிக்குமுன் கோலால் ஆண்டுத் தரையைத் தொடுதலும் குற்றமன்று. நிலத்தில் வெடிப்புத் தோன்றினால் அது தானாகவே விலக்குத் தாராது; களக்குழுவார் அதனைச் 'செப்பனிடப்படும் நிலம்' என்று அறிவித்தாலன்றித் தண்டமின்றிப் பந்தை எடுத்தல் கூடாது. புல் மிகத் தேய்ந்தவிடத்து, ஃபேர்வே எனப்படும் வெட்டிய புற்பரப்பிற் கிடக்கும் பந்தை எடுத்துத் துடைத்து, குழிக்கு அணுகாதவாறு குறித்த அளவுக்குள் வைத்தடிக்க இடங்கொடுக்கும் உள்ளூர் விதியும் உண்டு. இச்சலுகைகள் முன்னரே எழுதி அறிவிக்கப்பட்டு, எல்லார்க்கும் ஒப்ப வழங்கப்படுவன. ஒருவன் தன் துன்பத்தைக் காட்டித் தனக்கென ஒரு விதி செய்துகொள்ளுதல் இயலாது.

நமக்கு அண்மையிலுள்ள கோலார் தங்கவயலிற் சுரங்கத்தார் மற்றொரு வழி கண்டனர். குழியைச் சூழப் பசும்புல் வளர்த்தற்கு மாறாக மணல் பரப்பினர். அதற்குப் 'பிரவுன்' என்று பெயர். இத்தகைய களங்களில் மணலிற் பந்து செல்லும் வழியைச் சமன்செய்துகொள்ளத் தனிவிதி வழங்குவதுண்டு. நீர் இல்லாதவிடத்து நீரை விரும்பாத ஆட்டத்தை அமைத்தமை அறிவுடைமையேயாம்.

அஞ்செட்டியில் வாழும் நமக்கு இதனாற் பயனென்ன? நம் மலைச்சரிவில் கேழ்வரகு மழையை நம்பி விளைகிறது. கோடையில் ஓடைகள் வறண்டு குடங்கள் வரிசையில் நிற்கின்றன. 1876-இல் தோன்றிய கோல்ஃப் சங்கத்தையுடைய பெங்களூரிலும் 2024 மார்ச்சில் நீர்ப்பஞ்சம் நேர்ந்தது. தோட்டத்திற்கும் வண்டி கழுவுதற்கும் குடிநீரைப் பயன்படுத்துவோர்க்கு 5000 ரூபாய் தண்டமென்று நீர் வாரியம் அறிவித்தது. அஃதும் ஓர் உள்ளூர் விதியே. தூய்மை செய்த கழிவுநீரால் புல்லை வளர்க்கலாம். அதுவும் இல்லையேற் புல் உறங்கட்டும். அருகு மீண்டும் எழும். தாகத்தால் வாடும் உயிரோ மழை வருமளவும் காத்திராது. நண்பர்காள், குறைந்ததைச் சமமாகப் பகிர்ந்துகொள்ளும் நெறியை விளையாட்டுக் களத்திற் கற்போம். அதனை ஊர்க் கிணற்றடியிலும் கைக்கொள்வோமாக.