மூன்று படியும் ஒரு சட்டமும்

மொன்றியலின் கோட்-டெ-நெய்ஜ் பகுதியில் குடியிருக்கும் தமிழர்களில் சென் ஜோசப் பேராலயத்துக்குப் போகாதவர்கள் குறைவு. கத்தோலிக்கர் மட்டுமா, நல்லூர்த் தேர் பார்த்து வளர்ந்தவர்களும் ரொறன்ரோவிலிருந்து விருந்தினர் வந்தால் முதலில் அங்கேதான் கூட்டிப்போவார்கள். உள்ளே மெழுகுதிரிகள் எரியும் நீண்ட மண்டபம் ஒன்று உண்டு. அதன் தூண்களுக்கிடையே ஊன்றுகோல்கள் அடுக்கடுக்காகத் தொங்கும். அருட்சகோதரர் அந்திரேயிடம் வந்து நடை பெற்றவர்கள் விட்டுச் சென்றவை என்பார்கள். வெளியே 283 படிகள். நடுவிலுள்ள 99 மரப்படிகள் முழங்காலில் ஏறுவோருக்கு என்று விடப்பட்டவை.

அந்த மண்டபத்தில் நிற்கும்போதெல்லாம் எனக்கு ஒரு கேள்வி வரும். ஊன்றுகோலை விட்டுவிட்டுப் போனவரின் கதையைச் சொல்லியாயிற்று. ஊன்றுகோலோடு வந்து ஊன்றுகோலோடே வீடு திரும்பியவர் என்ன ஆனார்? அவரைப் பற்றித்தான் இங்கே பேசப் போகிறேன். அவருக்கு இந்த ஊரில் என்ன உரிமை இருக்கிறது, அதை எங்கே போய்க் கேட்பது?

முதலில், யாரை ஊனமுற்றவர் என்கிறது சட்டம்? இதற்கு மொன்றியலிலேயே நல்ல வழக்கு ஒன்று நடந்தது. மாநகராட்சியில் தோட்ட வேலைக்கு ஒரு பெண் விண்ணப்பித்தார். வேலைக்கு முந்திய மருத்துவப் பரிசோதனையில் அவருடைய முதுகெலும்பில் சிறிய வளைவு தெரிந்தது. அதனால் அவருக்கு நோவும் இல்லை, குனிந்து நிமிரத் தடையும் இல்லை. ஆனாலும் பின்னாளில் தொல்லை வரலாம் என்று வேலை மறுக்கப்பட்டது. அவர் பாரபட்சம் என்று முறையிட்டார். அதற்கு நகரம் சொன்ன பதில்தான் வேடிக்கை: “உங்களுக்குத்தான் ஊனமே இல்லையே, பிறகு எப்படி ஊனத்தின் பேரில் பாரபட்சம் என்று முறையிடலாம்?” வேலை கேட்கும்போது ஊனம் இருந்தது, நியாயம் கேட்கும்போது அது மாயமாகிவிட்டது.

2000ஆம் ஆண்டு மே 3ஆம் திகதி கனடா உச்ச நீதிமன்றம் அந்த வாதத்தை ஏற்கவில்லை. உடம்பில் உண்மையில் குறை இருக்கிறதா என்பதோடு கேள்வி முடிந்துவிடாது, எதிரில் இருப்பவர் குறை இருப்பதாக நினைத்து ஒருவரை ஒதுக்கினால் அதுவும் ஊனத்தின் பேரிலான பாரபட்சமே என்று தீர்ப்பு வந்தது. குடல் நோயைக் காரணம் காட்டி வேலையிலிருந்து நீக்கப்பட்ட ஒரு பொலிஸ்காரரின் வழக்கும் அதே தீர்ப்பில் முடிந்தது. சட்டத்தின் பார்வை மருத்துவரின் மேசையிலிருந்து வாசலுக்கு வந்தது அப்போதுதான்.

வாசல் என்று சொன்னேன் அல்லவா, எங்கள் பகுதியின் பழைய அடுக்குமாடிகளைப் பாருங்கள். தெருக்கதவைத் திறந்ததும் மூன்று படி. அதற்கு அப்பால் லிஃப்ட். லிஃப்ட் வேலை செய்கிறது, ஐந்தாம் மாடி வரை போகிறது. ஆனால் சக்கர நாற்காலியில் இருப்பவர் லிஃப்ட்டைப் பார்த்துக்கொண்டே கீழே இருக்க வேண்டியதுதான். குறை அவருடைய காலில் இருக்கிறதா, மூன்று படியில் இருக்கிறதா? பனிக்காலத்தில் இன்னும் ஒரு படி கூடும். கோட்-டெ-நெய்ஜ் என்ற பெயரிலேயே பனி இருக்கிறது. தெருவைத் துப்புரவாக்கும் வண்டி பனியை ஒதுக்கித் தள்ளும்போது, நடைபாதை தெருவுக்கு இறங்கும் அந்தச் சிறிய சரிவில்தான் அது குவியும். நடப்பவர் ஒரு தாவலில் கடந்துவிடுவார். சில்லு அங்கேயே புதையும்.

இனி சட்டங்கள். கியூபெக்கின் மனித உரிமைச் சாசனம் 1975இல் வந்தது. 1978இல் மாற்றுத்திறனாளருக்கென்று தனிச் சட்டம் வந்தபோது, ஊனத்தின் பேரில் பாரபட்சம் கூடாது என்பது சாசனத்திலும் ஏறியது. கனடாவின் அரசியலமைப்பு உரிமைப் பட்டயத்தின் முதல் வரைவில் ஊனம் என்ற சொல்லே கிடையாது. சக்கர நாற்காலிக்காரர்களும் பார்வையற்றோரும் ஒட்டாவாவில் போய் நின்று கேட்டபிறகுதான் 1981இல் சேர்த்தார்கள். அந்தச் சொல் உள்ள பிரிவு 1985இல் நடைமுறைக்கு வந்தது. 2019இல் வந்த கூட்டரசுச் சட்டம் 2040க்குள் தடையற்ற கனடா என்று நாள் குறித்திருக்கிறது. வங்கி, விமானம், தொலைத்தொடர்பு போன்ற கூட்டரசுத் துறைகளுக்கு அது பொருந்தும்.

இவற்றில் நாங்கள் மனத்தில் வைக்க வேண்டியது ஒரே ஒரு கருத்து: நியாயமான இசைவு. வேலை தருபவர், பாடசாலை, வீட்டுக்காரர், கடை எல்லோரும் தங்கள் வழக்கத்தைக் கொஞ்சம் வளைத்து ஒருவருக்கு இடம் செய்து கொடுக்க வேண்டும். தாங்க முடியாத செலவோ சிரமமோ வரும் என்று காட்டினால் மட்டுமே மறுக்கலாம். காட்ட வேண்டியதும் அவர்கள் பொறுப்பு. 2007 அளவில் கியூபெக்கில் இந்தச் சொற்றொடர் தலைப்பாகை, முக்காடு பற்றிய சண்டையாகவே பத்திரிகைகளில் அடிபட்டது. அதனால் எங்கள் ஆட்களில் பலர் அதை மத விவகாரம் என்று நினைத்து ஒதுங்கிவிட்டார்கள். உயரம் மாற்றக்கூடிய மேசை, பரீட்சையில் கூடுதல் நேரம், சைகைமொழி பெயர்ப்பாளர், டயாலிசிஸ் நாளில் வேலைநேர மாற்றம், இவை எல்லாமே அந்தச் சொற்றொடருக்குள் அடங்கும்.

சட்டம் இருந்தும் நடக்காதது எது என்று கேட்டால் மெற்றோவைக் காட்டுவேன். 1966இல் திறந்தபோது லிஃப்ட் இல்லை. அந்தக் காலம் அப்படி என்று விட்டுவிடலாம். ஆனால் எங்கள் பகுதி நிலையங்கள் 1966இல் கட்டியவை அல்ல. ஸ்னோடன் 1981, கோட்-சென்-கத்தரின் 1982, பிளமொண்டன் 1982. கோட்-டெ-நெய்ஜ் நிலையம் 1988 ஜனவரி 4ஆம் திகதி திறந்தது. தனிச்சட்டம் வந்து பத்து ஆண்டு ஆகிவிட்டது, நிலையமோ நிலத்துக்கு அடியில் ஆழமாகப் போகிறது, ஆனாலும் லிஃப்ட் இல்லாமலே கட்டினார்கள். மொன்றியல் மெற்றோவில் முதல் லிஃப்ட்கள் 2007இல் லாவாலின் மூன்று நிலையங்களோடுதான் வந்தன. ஸ்னோடனுக்குப் பின்னாளில் கிடைத்தது. ராப்லிக் என்ற மாற்றுத்திறனாளர் அமைப்பு 2015இல் போக்குவரத்து நிறுவனத்துக்கும் நகரத்துக்கும் எதிராகக் கூட்டு வழக்குத் தொடர அனுமதி கேட்டது; 2017இல் நீதிமன்றம் அனுமதித்தது. இத்தனைக்கும் எங்கள் மலைக்கு உள்ளேயே, எதுவார்-மொன்பெத்தி நிலையத்தில், 70 மீற்றர் ஆழத்துக்கு லிஃப்ட் இறங்குகிறது. புதிய ரெம் ரயிலுக்காக வைத்தது. செய்ய முடியாத வேலை என்று இனி யாரும் சொல்ல வேண்டாம்.

மெற்றோ இல்லாவிட்டால் என்ன வழி? ‘திரான்ஸ்போர் அடாப்தே’ என்ற வீட்டுவாசல் வண்டி இருக்கிறது. முதல்நாளே பதிவு செய்தால் வாசலில் ஏற்றி வாசலில் இறக்கும். கட்டணம் பஸ்ஸுக்குக் கொடுப்பதுதான். எங்கள் பெரியவர்கள் பலர் இது சக்கர நாற்காலிக்காரருக்கு மட்டும் என்று நினைத்துக் கேட்பதில்லை. தகுதி பார்க்கும் அளவுகோல்களில் இரண்டைச் சொல்கிறேன்: சமதரையில் 400 மீற்றர் நடக்க முடியாமை, பிடிமானம் இருந்தும் 35 சென்ரிமீற்றர் உயரப் படி ஏற முடியாமை. முழங்கால் தேய்ந்த அம்மாவை ஒருதரம் நினைத்துப் பாருங்கள். நிலைமை நிலையானதாக இருக்க வேண்டும். படிவத்தில் ஒரு பகுதியை மருத்துவத் துறையினர் நிரப்ப வேண்டும். பார்வைக் குறைவும் அறிவுவளர்ச்சிக் குறைவும் உள்ளவர்களும் விண்ணப்பிக்கலாம்.

படிவம் என்றதும் பணத்தையும் சொல்லிவிடுகிறேன். கூட்டரசின் மாற்றுத்திறனாளர் வரிச்சலுகைக்கு ஒரு சான்றிதழ்ப் படிவம் உண்டு. வரி கட்டுமளவு வருமானம் இல்லாதவர்கள் அது தங்களுக்கு வேண்டாம் என்று விட்டுவிடுகிறார்கள். அங்கேதான் பிழை. 2025 ஜூலையில் தொடங்கிய கனடா மாற்றுத்திறனாளர் உதவித்தொகைக்கு அந்தச் சான்றிதழ்தான் கதவு. 18 முதல் 64 வயது வரையிலான குறைந்த வருமானக்காரருக்குத் தொடக்கத்தில் மாதம் 200 டொலர் வரை என்று வைத்தார்கள். 200 டொலர் இந்த ஊர் வாடகைக்கு எந்த மூலைக்கு என்று கேட்டால் நியாயம்தான். பிள்ளைகளுக்குக் கூட்டரசின் கொடுப்பனவும் அதே சான்றிதழில் தங்கியிருக்கிறது. கியூபெக் தரும் கூடுதல் தொகைக்கு மட்டும் தனி விண்ணப்பம்.

பாடசாலை விடயத்தில் பெற்றோருக்குத் தெரிய வேண்டியவை இரண்டு. மாற்றுத்திறனுள்ள பிள்ளைக்குக் கியூபெக்கில் 21 வயது வரை கல்வி பெறும் உரிமை உண்டு. ‘பிளான் டான்ரெர்வான்சியோன்’ என்று அந்தப் பிள்ளைக்கான ஒரு திட்டத்தைப் பாடசாலை பெற்றோரோடு சேர்ந்து எழுத வேண்டும். அவர்கள் எழுதி முடித்ததில் கையெழுத்து வைக்க மட்டும் உங்களைக் கூப்பிட்டால், “நேரம் தாருங்கள், வாசித்துவிட்டு வருகிறேன்” என்று சொல்லலாம். மொழி தெரியாதது குற்றம் இல்லை. வைத்தியசாலையிலோ சிஎல்எஸ்சி என்ற உள்ளூர்ச் சுகாதார நிலையத்திலோ தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று முன்கூட்டியே கேளுங்கள். பத்து வயது அக்காவை நடுவில் இருத்தித் தம்பியின் நிலையை மொழிபெயர்க்க வைப்பது அந்தப் பிள்ளைக்குச் செய்கிற அநியாயம்.

இதையெல்லாம் கேட்டால் குடிவரவில் கை வைப்பார்களோ என்ற பயம் பல வீடுகளில் உண்டு. அந்தப் பயம் வெறும் கற்பனை அல்ல. மருத்துவ, சமூக சேவைகளுக்கு அளவுக்கு மீறிய சுமை என்று காட்டி ஒருவரை மறுக்கக் குடிவரவுச் சட்டத்தில் இடம் இருக்கிறது. ஒரு பிள்ளையின் காரணமாகக் குடும்பமே நிராகரிக்கப்பட்ட கதைகளும் உண்டு. 2018இல் அந்தச் செலவு வரம்பை மூன்று மடங்காக்கினார்கள். சிறப்புக் கல்வியையும் புனர்வாழ்வுச் சேவையையும் கணக்கிலிருந்து எடுத்தார்கள். அகதிகளுக்கும், இங்குள்ளவர் அழைக்கும் கணவன் மனைவிக்கும், அவர்களை நம்பியிருக்கும் பிள்ளைகளுக்கும் அந்தப் பிரிவு பொருந்தாது. பெற்றோரை அழைக்கும்போது பொருந்தும். நிரந்தர வதிவுரிமை பெற்றவருக்கு எதிராக அதைப் பயன்படுத்த முடியாது. ஆகவே கையில் அட்டை வந்தபிறகும் பயந்து பிள்ளையின் படிவத்தை நிரப்பாமல் வைத்திருப்பது வீண்.

எங்கள் பக்கத்துக் கணக்கையும் பார்க்க வேண்டும். விருந்தினர் வந்தால் ஒரு பிள்ளை மட்டும் அறைக்குள் இருக்கும் வீடுகள் இருக்கின்றன. அக்காவின் கலியாணப் பேச்சு குழம்பிவிடும் என்பார்கள். மாற்றுத்திறனாளி என்று அழகான சொல்லைத் தமிழ்நாடு தந்தது. சொல் மாறினாலும் அறைக்கதவு திறக்காவிட்டால் என்ன பயன்? போரில் கால் இழந்தவர்களுக்கு யாழ்ப்பாணத்தில் ஜெய்ப்பூர் கால் நிலையம் 1987இல் தொடங்கியது. அங்கே அளவெடுத்த காலோடு நடந்தவர்களை ஊரே கண்டிருக்கிறது, ஒருவரும் ஒளித்து வைக்கவில்லை. பிறவியிலேயே வந்த குறை என்றால் மட்டும் ஏன் கூச்சம் என்பது எனக்கு விளங்கியதே இல்லை.

பிரதிநிதித்துவம் என்கிறார்களே, அது நாற்காலி கொடுத்து உட்கார வைப்பது. தமிழ்நாட்டுச் சட்டமன்றம் 2025 ஏப்ரலில் உள்ளாட்சி மன்றங்களுக்கு மாற்றுத்திறனாளர்களை நியமிக்கச் சட்டத்திருத்தம் செய்தது. மொன்றியலில் குடியேறிய குடும்பங்களுக்கென்று 1981 முதல் இயங்கும் அமைஃப் என்ற பல்லின மாற்றுத்திறனாளர் சங்கம் இருக்கிறது. உரிமையை எங்கே போய்க் கேட்பது என்ற முதல் கேள்விக்கு வருகிறேன்: வேலை, பாடசாலை, வீடு, கடை எங்கே பாரபட்சம் நடந்தாலும் கியூபெக் மனித உரிமை ஆணையத்தில் முறையிடலாம். கட்டணம் இல்லை, வழக்கறிஞரும் தேவையில்லை. ஆனால் இரண்டு ஆண்டு கடந்தால் எடுக்க மறுக்கலாம் என்பதால் நடந்த திகதியையும் பேசியவர் பெயரையும் அன்றே எழுதி வையுங்கள்.

கடைசியாக, அரங்கேற்றத்துக்கும் ஒன்றுகூடலுக்கும் மண்டபம் பிடிப்பவர்களிடம் ஒரு விண்ணப்பம். வாடகையும் வாகனத் தரிப்பிடமும் கேட்கும் அதே தொலைபேசி அழைப்பில், வாசலில் எத்தனை படி, மேடைக்குச் சரிவுப்பாதை உண்டா என்றும் கேளுங்கள். இல்லை என்றால் வேறு மண்டபம் பாருங்கள்.