முன்பயிர் தந்த பசுமை

சோளன் செழித்து நின்றால் விதையையும் பசளையையும் மெச்சுகிறோம். வெளிறிப்போனால் மழையை நோகிறோம். அதே நிலத்தில் முந்திய போகத்தில் என்ன பயிர் நின்றது என்று விசாரிப்போர் அரிது. கோவாவும் போஞ்சியும் கௌபியும் பயிராகும் கம்பளைப் பகுதி மேட்டுநிலங்களில் அதுவே முதற்கேள்வியாதல் வேண்டும் என்பது என் திடமான அபிப்பிராயம்.

சூரியப் பிரகாசத்தின் துணையால் காற்றிலுள்ள காபனீரொட்சைட்டை ஆகாரமாக்கும் ஒளித்தொகுப்பில் சோளன் மிகச் சமர்த்தான பயிர். அத்தகைய பயிர்களின் விசேஷ முறையை, கரும்பை ஆராய்ந்து 1966இல் வெளியிட்டவர்கள் ஆஸ்திரேலியாவில் பணியாற்றிய ஹாச், ஸ்லாக் என்னும் விஞ்ஞானிகள். ஆயினும் அந்தச் சாமர்த்தியத்துக்கு ஆதாரமான பச்சையமும் நொதியங்களும் நைதரசனின்றி உண்டாவதில்லை. அது குறையும்போது சோளன் முதிர்ந்த இலைகளிலுள்ளதை எடுத்து இளந்தளிர்களுக்கு அனுப்பிவிடுவதால், அடியிலைகளில் நுனியிலிருந்து நடுநரம்பு வழியே ஆப்பு வடிவில் மஞ்சள் நிறம் இறங்குகிறது.

அந்த நைதரசனைத் தரவல்ல முன்பயிர் கௌபி. அதன் வேர் முடிச்சொன்றை நகத்தால் பிளந்து பார்த்தால் உட்புறம் இளஞ்சிவப்பாக இருக்கும். அங்கு வாழும் பற்றீரியாக்கள் காற்றின் நைதரசனைப் பயிருக்கு உகந்ததாக்கும் பணியில் முனைந்திருப்பதற்கு அதுவே அடையாளம். அந்த நைதரசனில் பெரும்பங்கு அறுவடையோடு வீட்டுக்குப் போய்விடுமாதலால், தழையையும் வேரையும் நிலத்துக்கே விட்டுவிடுபவருக்குத்தான் அடுத்துவரும் சோளனில் பலன் கிட்டும். அவை மக்கிய பின்னும் விதைப்பைத் தாமதித்தால், மலைநாட்டுப் பெருமழை அந்தச் செல்வத்தைக் கரைத்து மகாவலியில் சேர்த்துவிடும்.

கோவாவுக்குப் பின் நிலைமை வேறு. பெரும்பாலான பயிர்களின் வேர்களோடு கூடிவாழ்ந்து பொசுபரசைத் தேடிக்கொடுக்கும் பூஞ்சைகள் கோவாவின் வேரை நாடுவதில்லை. ஒரு போகம் முழுதும் புகலிடமின்றி அவை குன்றிப்போவதால், பின்வரும் சோளனின் இளஞ்செடிகள் ஆரம்ப வாரங்களில் ஊதாநிறம் பூண்டு மந்தமாக வளர்வதுண்டு. சோளனுக்குப் பின் மீண்டும் சோளனே என்பதும் நன்றன்று. அமெரிக்காவின் இல்லினோய்ஸ் பல்கலைக்கழகத்தில் 1876 முதல் நடந்துவரும் மோரோ பரீட்சை வயல்களில், சோளனை மட்டுமே கண்ட பாத்தி சுழற்சிமுறைப் பாத்தியைவிடக் குறைவாகவே விளைந்து வந்திருக்கிறது.

2021இல் இரசாயனப் பசளை இறக்குமதி திடீரெனத் தடைசெய்யப்பட்டு, சில மாதங்களின் பின் தளர்த்தப்பட்டபோது, கடைப் பசளையை மட்டும் நம்பியிருப்பதன் ஆபத்தை நம் விவசாயிகள் அனுபவித்தறிந்தனர். கௌபி யூரியாவுக்கு முழு மாற்றன்று. அதன் தேவையைக் குறைக்கும் துணை. ஆகவே பெரும்போகச் சோளனுக்குரிய ஆயத்தம், சிறுபோகத்தில் எதை விதைப்பது என்று தீர்மானிக்கும் அன்றே தொடங்க வேண்டும். விவசாயத் திணைக்களமும் பல்கலைக்கழக விவசாய பீடமும் பக்கத்திலே பேராதனையில் இருக்க, தத்தம் நிலத்துக்குப் பொருந்திய பயிர்ச்சுழற்சியைக் கேட்டறிந்து கைக்கொள்வது கம்பளை விவசாயிகளுக்கு எளிது. அவர்களைத் தேடிவந்து அதனை எடுத்துரைப்பது அந்நிறுவனங்களின் கடமை.